ஐந்தாம் கோட்டின் எண்ணிக்கை

பதிவுத் தபால்
கரட்டுப்பட்டி, நல்லம்பள்ளி வழி
10.2.2025

முதசிர் அவர்களுக்கு,

கரட்டுப்பட்டி அமுதவல்லி எழுதறேன். புளியங்கரட்டு அடியில எங்க மோட்டார் கொட்டகையில போன டிசம்பர்ல ஒரு பெட்டியைக் கொண்டாந்து வெச்சீங்களே, அந்தக் கொட்டகைக்காரி.

எங்க வூட்டுக்காரர் குப்புராஜ் லாரி ஓட்டறவர். மாசத்துல நாலு நாள் வூட்டுல இருந்தா அதிகம். அக்டோபர்ல நீங்க இங்கிலீஷ்ல ஒரு பேப்பர் நீட்டினீங்க, "ஆராய்ச்சிதாங்க, ஒரு வருசம், யாருக்கும் தொந்தரவு இல்லை"ன்னு சொன்னீங்க, அவரும் வண்டி எடுக்கற அவசரத்துல கையெழுத்துப் போட்டுட்டார். நீங்க தர்மபுரி டவுன்ல பூட்டுக் கடை நூர் பாஷா மகன்னு தெரிஞ்சதால நானும் ஒண்ணும் கேக்கலை.

இந்த மாசம் ஆறாம் தேதி ஒரு வெள்ளை ஜீப்ல மூணு பேர் வந்தாங்க. கரட்டுப் பாறை மேல ஏறி பதினாலு இடத்துல சிவப்புப் பெயிண்ட்ல குறி போட்டாங்க. என்னன்னு கேட்டா "சர்வே"ன்னாங்க. இறங்கி வர்றப்ப ஒரு ஆள் எங்க கொட்டகைக்குள்ள எட்டிப் பாத்து, "இது ஓடுதா?"ன்னு இன்னொருத்தர்கிட்ட கேட்டார். தெரியாத ஆளு தெரியாத பெட்டியை அப்படிக் கேக்க மாட்டான்.

எனக்கு மூணு பதில் வேணும். பெட்டிக்குள்ள என்ன இருக்கு? யாருக்காக வெச்சிருக்கீங்க? அந்த ஜீப்புக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?

பதிலை எழுத்துல, கையெழுத்தோட அனுப்புங்க. போன் வேண்டாம். எங்க தோட்டத்துல கரண்ட் டவர் நட்டப்ப, வரப்போரம்தான் கால் ஊனுவோம்னு போன்ல சத்தியம் பண்ணின ஆளு, நடு வயல்ல நட்டுட்டு "நான் எப்பச் சொன்னேன்?"ன்னு கேட்டான். இந்தக் கரட்டுத் தண்ணியை நம்பி இந்தப் பக்கம் பதினோரு குடும்பம் இருக்கு.

அமுதவல்லி

---

பெங்களூரு
15.2.2025

மதிப்பிற்குரிய அமுதவல்லி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் கவலை நியாயமானது. முடிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன்.

அந்தப் பெட்டியிலிருந்து எந்தக் கதிரும் வெளியே வருவதில்லை. தன் வழியாகப் போவதை எண்ணுகிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பவை நான்கு பிளாஸ்டிக் தட்டுகள். ஒரு துகள் ஊடுருவிப் போனால் தட்டில் மிகச் சிறிய ஒளி எழும். நான்கிலும் ஒரே நேரத்தில் ஒளி எழுந்தால் ஒன்று என்று கணக்கு. முகப்பில் உள்ள சிறிய கண்ணாடியில் அந்த எண்ணைப் பார்க்கலாம். அதே எண் உள்ளிருக்கும் சிம் கார்டு வழியாக எனக்கும் வந்துவிடும்.

நீங்கள், நான், புளியங்கரடு எல்லாமே அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவில் கரு, கருவுக்குள் புரோட்டானும் நியூட்ரானும், அவற்றுக்குள் குவார்க் என்ற இன்னும் சிறிய துகள்கள். கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள். இவை அத்தனையையும் ஆட்டிவைப்பவை நான்கே விசைகள். கல்லைக் கீழே விழச்செய்வது ஈர்ப்பு விசை. சுவரில் கை வைத்தால் கை உள்ளே போய்விடாமல் தடுப்பது மின்காந்த விசை. கருவைச் சிதறாமல் பிடித்துவைத்திருப்பது வலுவான அணுக்கரு விசை. ஒரு துகளை வேறொரு துகளாக மாற்றக்கூடியது வலுக்குறைந்த அணுக்கரு விசை.

எலக்ட்ரானுக்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் மியூவான். எடை மட்டும் ஏறத்தாழ இருநூறு மடங்கு. விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்கள் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதும்போது இவை உண்டாகின்றன. இவற்றின் ஆயுள், ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு. பிறகு வலுக்குறைந்த விசையால் சிதைந்துவிடும். உங்கள் உள்ளங்கை வழியாக வினாடிக்கு ஒன்றாவது போய்க்கொண்டிருக்கிறது. எந்தத் தீங்கும் இல்லை. வலுவான விசை மியூவானைத் தொடாது என்பதால் பாறையையும் ஊடுருவும். மின்காந்த விசை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அதன் வேகத்தைக் குறைக்கும். எனவே பாறை தடிமனாக இருந்தால் குறைவாக வரும், மெல்லியதாக இருந்தால் அதிகம் வரும். எக்ஸ்ரே எடுப்பது போல ஒரு குன்றின் உட்புறத்தைப் பார்க்க முடியுமா என்பதே எங்கள் சோதனை.

அந்த ஜீப்பைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

அன்புடன்,
முதசிர்

---

கரட்டுப்பட்டி
24.2.2025

முதசிர் சாருக்கு,

எளிமையாச் சொல்றேன்னு எழுதியிருந்தீங்க. நான் கடத்தூர்ல பிளஸ் டூ அறிவியல் பிரிவு படிச்சவள். இயற்பியல்ல இருநூத்துக்கு நூத்தி எழுபத்தொண்ணு. மேல படிக்க வெக்கலை, அது வேற கதை. சம்பங்கி பறிக்கறவளுக்குக் கணக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்காதீங்க.

உங்க கடிதத்தை நாலு தடவை படிச்சேன். அதுல ஒரு பொய் இருக்கு.

ஆயுசு பத்து லட்சத்துல ரெண்டு பங்கு வினாடின்னு எழுதியிருக்கீங்க. ஒளியை விட வேகமா எதுவும் போவாதுன்னு பாடத்துல இருக்கு. ஒளி ஒரு வினாடிக்கு மூணு லட்சம் கிலோமீட்டர். அதைப் பத்து லட்சத்தால வகுத்து ரெண்டால பெருக்கினா அறுநூறு மீட்டர் வருது. பதினஞ்சு கிலோமீட்டர் உசரத்துல பொறந்தது அறுநூறு மீட்டர்ல செத்துப் போயிரும். அப்புறம் எங்க கொட்டகைக்கு எப்படி வந்து சேருது? மேலயே செத்துப் போனதை இங்க உக்காந்து எண்ணறீங்களா?

இன்னொண்ணு. வானத்துலருந்து வர்றதை எண்ணறதுக்கு பெட்டி மேல பாத்து இல்ல இருக்கணும்? ஏன் கரட்டைப் பாத்துச் சாய்ச்சு வெச்சிருக்கீங்க? எக்ஸ்ரே எடுக்கறவங்க எதுக்கோதான் எடுப்பாங்க. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்துட்டு சும்மா அனுப்பறதில்லை, அடுத்து கத்தி வரும். கரட்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சு யாருக்கு என்ன ஆவணும்?

ஜீப் பத்தித் தெரியாதுன்னு ஒரே வரியில முடிச்சிருக்கீங்க. துகளைப் பத்தி ஒன்றரைப் பக்கம், ஜீப்பைப் பத்தி ஒரு வரி.

அமுதவல்லி

---

பெங்களூரு
5.3.2025

அமுதவல்லி அவர்களுக்கு,

முதலில் ஒரு விஷயம். பிப்ரவரி 27 முதல் பெட்டியின் எண்ணிக்கை தாறுமாறாக இருக்கிறது. கரட்டை நோக்கி மணிக்கு இருபது என்று வந்துகொண்டிருந்தது, திடீரென ஆயிரத்து எழுநூறு. பிறகு ஆறு மணி நேரம் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வந்தது. பிறகு ஐயாயிரத்தைத் தாண்டியது. மறுநாள் மீண்டும் இருபது. பெட்டியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஒப்பந்தப்படி பெட்டியைத் தொடக்கூடாது. மூன்று மாத உழைப்பு இது. தட்டை யாராவது திருட முயன்றார்களா, அல்லது வேறு காரணமா? நீங்கள் கொட்டகையைப் பூட்டுவதில்லையா?

இனி உங்கள் கேள்வி. அதைப் படித்துவிட்டு எழுந்து கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன். உங்கள் கணக்கில் ஒரு தவறும் இல்லை. நான்தான் பாதியைச் சொல்லாமல் விட்டேன். ஒளியின் வேகத்துக்கு மிக நெருங்கிய வேகத்தில் போகும் எதற்கும், நம் பார்வையில் அதன் கடிகாரம் மெதுவாக ஓடும். மியூவானுக்கு அந்த இரண்டு பங்கு நேரம் கழிவதற்குள் நமக்கு இருபது, முப்பது மடங்கு நேரம் கழிந்துவிடும். அதற்குள் அது தரையைத் தொட்டுவிடுகிறது. இது கட்டுக்கதை இல்லை. அது உங்கள் கொட்டகைக்கு வந்து சேர்வதே இதற்குச் சான்று. இந்தக் கேள்வியை நானாகக் கேட்டுக்கொண்டது ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்த பிறகுதான்.

ஆனால் பெட்டி விஷயத்துக்குப் பதில் வேண்டும்.

முதசிர்

---

கரட்டுப்பட்டி
12.3.2025

முதசிர் சாருக்கு,

கை வெச்சது நான்தான். கொட்டகையைப் பூட்டித்தான் வெச்சிருக்கேன், சாவி என் இடுப்புல.

நீங்க எழுதினது நெசமா பொய்யான்னு பாக்கணும்னு தோணுச்சு. முதல்ல பெட்டியைக் கரட்டுக்கு எதிர்ப்பக்கம், ராகிக் காட்டைப் பாத்துத் திருப்பினேன். மணிக்கு ஆயிரத்து எழுநூறு. அப்புறம் பக்கத்துக் காட்டு மாதப்பனைக் கூப்பிட்டு, ரெண்டு பேருமா பெட்டியை பேட்டரியோட கயிறு கட்டி எங்க பழைய வறண்ட கெணத்துக்குள்ள எறக்கினோம். அறுபது அடி. மாதப்பன் கெணறு வெட்டின ஆளு, பதமாத்தான் எறக்கினார். சுவத்தைப் பாத்து சாய்ச்சு வெச்சா நூத்திப் பதினெட்டு. மல்லாத்தி மேல பாத்து வெச்சா ஐயாயிரத்துச் சொச்சம். மறுநாள் பழைய இடத்துல, பழைய சாய்மானத்துலயே வெச்சிட்டேன்.

அதனால ஒண்ணு ஒத்துக்கறேன். நடுவுல மண்ணு அதிகமானா எண்ணிக்கை கொறையுது. எங்க கெணத்துச் சுவத்தை விட கரடு பெருசு, அதான் அங்க இருபது. துகளைப் பத்தி நீங்க எழுதினது சரி.

ஆனா ஜீப்பைப் பத்தி எழுதினது சரியில்லை. கயிறு கட்டறப்ப பெட்டியைக் கவுத்தோம். அடிப்பக்கம் ஒரு தகடு அடிச்சிருக்கு. அதுல ஒரு கிரானைட் கம்பெனி பேரு. அதே பேருதான் அந்த வெள்ளை ஜீப் கதவுல இருந்துச்சு. மாதப்பனும் பாத்தார்.

இப்பச் சொல்லுங்க. எனக்கு யார் பொய் சொன்னது? பதினோரு குடும்பத்துக்கும் இன்னும் சொல்லலை. சொன்னா பெட்டி மறுபடி கெணத்துக்குள்ள போயிரும், மேல வராது.

அமுதவல்லி

---

பெங்களூரு
21.3.2025

அக்கா,

அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

அந்தத் தட்டுகள் எங்கள் நிறுவனம் வாங்கியவை அல்ல. ஒரு கம்பெனி கொடுத்தது. நேற்று எங்கள் ஆய்வுக் குழுத் தலைவரிடம் கேட்டேன். "பொருள் அவர்களுடையது, ஆராய்ச்சி நம்முடையது. உனக்கு என்ன பிரச்சினை?" என்றார். உங்கள் கரட்டில் குவாரிக்கு அவர்கள் விண்ணப்பித்திருப்பது எனக்கு நேற்றுதான் தெரியும். இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

ஒன்று சொல்கிறேன். பெட்டியை எடுத்துவிட்டால் கரட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்கள் சொல்வதுதான் முடிவு. இருந்தால் நமக்கும் தெரியும். பெட்டி நிற்கும் தாங்கியில் ஏழு கோடுகள் கீறியிருக்கும். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு வாரம் நிறுத்தினால், கரட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்துவிடலாம். இதுவரை நாலாம் கோட்டில் மட்டும்தான் வைத்திருந்தோம். திருப்ப நான் வரவில்லை. நீங்களே திருப்புங்கள். கண்ணாடியில் தெரியும் எண்ணை உங்கள் நோட்டில் நீங்களே எழுதுங்கள். எனக்கு வரும் எண்ணை நான் எழுதுகிறேன். ஏழு வாரம் முடிந்ததும் மாற்றிக்கொள்வோம். ஒரு எண் வேறுபட்டாலும் பெட்டியை என்ன செய்வது என்று உங்கள் விருப்பம்.

முதசிர்

---

கரட்டுப்பட்டி
19.5.2025

தம்பிக்கு,

அக்கான்னு கூப்பிட்டதுக்குப் பதில் மரியாதைதான் இது. வேற ஒண்ணும் அர்த்தம் இல்லை.

ஏழு வாரம் முடிஞ்சுது. காலையில பூப் பறிச்சுட்டு வந்ததும் ஒரு தடவை, சாயங்காலம் மோட்டார் நிறுத்தறப்ப ஒரு தடவை எழுதினேன். நீங்க பதினாலாம் தேதி வரைக்கும் அனுப்பின கணக்கையும் என் நோட்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ஒத்துப் போவுது. ஒத்துப் போவாதுன்னு எதிர்பாத்தேன்.

இதுல ஒரு விஷயம் எனக்கு இடிக்குது. கரடு ஓரத்துல சரிவு, நடுவுல ஒசரம். ஓரத்துல அதிகம் வரணும், நடுவுல கொறையணும். ஒண்ணாம் கோட்டுல வாரத்துக்கு ஒம்பதாயிரம், அப்புறம் ஆறாயிரம், நாலாயிரத்து முந்நூறு, நாலாம் கோட்டுல மூவாயிரத்து ஐந்நூறு. சரியாத்தான் கொறைஞ்சு வருது. அஞ்சாம் கோடு கரட்டோட உச்சிக்கு நேர் கீழே. அங்கதான் எல்லாத்தையும் விடக் கொறைச்சலா இருக்கணும். ஆனா நாலாயிரத்து நூத்தி அம்பது. ஆறாம் கோட்டுல மறுபடி மூவாயிரத்து ஐந்நூத்துச் சொச்சம். நான் தப்பா எழுதிட்டேனோன்னு அஞ்சாம் கோட்டுல இன்னும் மூணு நாள் வெச்சுப் பாத்தேன். அதே கணக்குதான்.

அந்தத் திசையில பாறை கொஞ்சம் காலியா இருக்கணும். அதுக்கு நேர் அடியிலதான் எங்க ஊத்து கசியுது. சித்திரையிலகூட நிக்காது. எனக்கு ஒரு சந்தேகம். இதைக் கம்பெனிக்காரங்க பாத்தா என்ன செய்வாங்க?

நீங்களும் இதைப் பாத்திருப்பீங்க. நான் எழுதறதுக்கு முன்னாடி நீங்க ஏன் எழுதலை?

அமுதவல்லி

---

பெங்களூரு
9.6.2025

அக்கா,

பார்த்தேன். சொல்வதற்கு முன் உறுதி செய்துகொள்ள நினைத்தேன். அது உண்மையான காரணத்தில் பாதி. மறுபாதி பயம்.

நீங்கள் கண்டது சரி. ஐந்தாம் கோட்டுத் திசையில் பாறையின் அடர்த்தி குறைவு. உடைந்து, இடுக்குகள் விட்ட பாறை. அந்த இடுக்கில் இருப்பது தண்ணீரா வெறும் காற்றா என்று மியூவானைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. துளை போட்டால்தான் தெரியும். நான் அதற்கு மேல் சொன்னால் அது பொய்.

போன வாரம் கம்பெனியின் அறிக்கை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அதில் நான் வரைந்த கணக்கு வரைபடம் இருந்தது. ஏழு கோடுகளில் ஐந்தாவதை எடுத்துவிட்டு, நாலையும் ஆறையும் சேர்த்து ஒரு நேர்கோடு இழுத்திருந்தார்கள். "முழுப் பாறை, நீரோட்டம் இல்லை, சுற்றுக் கிணறுகளுக்குப் பாதிப்பு இராது" என்று முடிவு. தலைவரிடம் கேட்டேன். "கருவி அவர்களுடையது" என்றார். இந்த மாதம் 30-ஆம் தேதியோடு என் வேலை ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்க மாட்டார்கள் என்று அன்று மாலையே தெரிந்துவிட்டது.

திருத்தாத ஏழு வாரக் கணக்கையும் என் கையெழுத்திட்ட விளக்கத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். குவாரி பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் 30-ஆம் தேதி நல்லம்பள்ளியில். பெட்டியை எடுக்க ஆள் அனுப்புவார்கள். தடுக்க வேண்டாம், சட்டப்படி அது அவர்களுடையது. உங்கள் நோட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

முதசிர்

---

கரட்டுப்பட்டி
3.7.2025

தம்பிக்கு,

நீங்க அனுப்பின கவர் வந்த அன்னிக்கு எனக்கு சந்தோசம் வரலை. வேலை போவப் போற ஆளு எனக்கு எதுக்கு இதைத் தர்றார், இவருக்குப் பின்னாடி வேற கம்பெனி இருக்கான்னுதான் முதல்ல தோணுச்சு. ஒவ்வொரு எண்ணையும் என் நோட்டோட ஒப்பிட்டுப் பாத்துட்டுத்தான் பைக்குள்ள வெச்சேன்.

இருபத்தெட்டாம் தேதி அதே ஜீப்ல வந்து பெட்டியை எடுத்துட்டுப் போனாங்க. எழுதி வாங்கிட்டுத்தான் விட்டேன்.

கூட்டம் கல்யாண மண்டபத்துல. கம்பெனி மேனேஜர் திரையில படம் போட்டுப் பேசினார். எல்லாம் முழுப் பாறைன்னார். நான் எந்திரிச்சு, "அஞ்சாம் கோடு எங்கீங்க?"ன்னு கேட்டேன். அவருக்குப் புரியலை. மேடையில இருந்த அதிகாரி, "என்ன கோடும்மா?"ன்னு கேட்டார். நோட்டையும் உங்க பேப்பரையும் கொண்டு போய்க் குடுத்தேன்.

"மியூவான்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"ன்னார் மேனேஜர்.

"தெரியும்ங்க. எலக்ட்ரான் மாதிரி, எடை அதிகம். அணுக்கருவைப் பிடிச்சு வெக்கற விசை இதைத் தொடாது. அதனால பாறையில முட்டி நிக்காம உள்ள போவுது. மின்விசை மட்டும் வேகத்தைக் கொறைக்கும். பாறை தடிமனா இருந்தா பாதியில நின்னு செத்துப் போயிரும், காலியா இருந்தா தாண்டி வரும். அஞ்சாம் கோட்டுல தாண்டி வருது. நீங்க அதை அழிச்சிட்டீங்க"ன்னேன்.

 மாதப்பனும் எந்திரிச்சு, "கெணத்துல எறக்கிப் பாத்தோம்ங்க. நானும் இருந்தேன்"ன்னார்.

அப்பத்தான் மேனேஜர், "இதெல்லாம் எழுதிக் குடுத்த ஆளு எங்க ஆளுதாங்க. எங்க தட்டை எங்களுக்காகவே வாங்கி வெச்சவர். இப்ப வேலை போன கோவத்துல பேசறார்"ன்னார். நான் விடலை. "அவருக்கு உங்க கம்பெனி பத்தி மார்ச் வரைக்கும் தெரியாதுங்க. தெரிஞ்சதும் என்கிட்ட எழுதினார்"ன்னு சொன்னேன். அதிகாரி அதை எழுதிக்கிட்டார். மேனேஜர் சிரிச்சுக்கிட்டே, "அவரையே கேளுங்கம்மா"ன்னார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கலை. அதான் கேக்கறேன். உங்களுக்கு எப்பத் தெரியும்?

அமுதவல்லி

---

தர்மபுரி
10.7.2025

அக்கா,

நவம்பரில் தெரியும்.

பன்னிரண்டாம் தேதி தட்டுகள் வந்தபோது பெற்றுக்கொண்டதற்கான படிவத்தில் நான்தான் கையெழுத்திட்டேன். அதில் கம்பெனியின் பெயர் இருந்தது. "அளவீடுகளின் பிரதி வழங்கப்படும்" என்று ஒரு வரியும் இருந்தது. படித்தேன். ஒரு கிரானைட் கம்பெனிக்கு ஒரு குன்றின் உட்புறம் எதற்கு என்று கேட்டுக்கொள்ள எனக்கு இயற்பியல் தேவையில்லை. நான் கேட்டுக்கொள்ளவில்லை. நாலு தட்டு கேட்டு மூன்று வருடம் விண்ணப்பம் மேல் விண்ணப்பம் எழுதியிருந்தேன். ஒரு நாள் அவை மேசை மேல் இருந்தன. எங்கே கேள்வி கேட்டால் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று இருந்தது.

குவாரி விண்ணப்பம் எனக்கு மார்ச்சில்தான் தெரிந்தது. அது உண்மை. ஜீப்பைப் பற்றித் தெரியாது என்றதும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவில்தான் இதை ஒளித்து வைத்திருந்தேன். மார்ச் மாதம் மூன்று முறை கிழித்தேன் என்று எழுதினேனே, அந்தத் தாள்களில் இது இருந்தது.

எனக்காக நீங்கள் பொய் சொல்ல நேர்ந்துவிட்டது. மன்னிப்பீர்களா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை என்ன செய்தாலும் சரி.

பெங்களூரைக் காலி செய்துவிட்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். மேலே உள்ளது புது முகவரி.

முதசிர்

---

கரட்டுப்பட்டி
28.8.2025

தம்பிக்கு,

பதில் எழுத ஒன்றரை மாசம் ஆயிடுச்சு. வேணும்னேதான்.

உங்க கடிதம் வந்து ரெண்டு நாள் யார்கிட்டயும் காட்டலை. மூணாம் நாள் மாதப்பன்கிட்டப் படிச்சுக் காட்டினேன். "அடுப்புல போட்டுருங்கம்மா. இது வெளிய வந்தா நம்ம கணக்கையும் சேத்துக் குப்பையில போட்டுருவாங்க"ன்னார். அவர் சொன்னதுல நியாயம் இருக்கு. எனக்கும் ஒரு மத்தியானம் பூரா அப்படித்தான் இருந்துச்சு. ஆனா அத்தனை பேர் முன்னாடி நின்னு நான் ஒண்ணு சொன்னேன், அதிகாரி எழுதிக்கிட்டார், அது பொய். அஞ்சாம் கோட்டை அழிச்சிட்டீங்கன்னு மேனேஜரைக் கேட்டவள், இந்தக் கடிதத்தை அழிச்சிட்டா அவர் மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?

ஜூலை பதினேழு பஸ் ஏறி தர்மபுரி போய் அந்த அதிகாரிகிட்டயே உங்க கடிதத்தைக் குடுத்தேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்புங்க. அவருக்கு முன்னாடியே தெரியும். திருத்திக்குங்க"ன்னேன். அவர் முழுசாப் படிச்சார். "இதைக் குடுக்காம இருந்திருந்தா உங்களுக்கு நல்லதுன்னு தெரியுமா?"ன்னு கேட்டார். தெரியும்னேன். "அவர் கணக்கை இனிமே நான் எப்படி எடுத்துக்கறது?"ன்னார். "அவர் கணக்கை எடுத்துக்காதீங்க. என் நோட்டை எடுத்துக்குங்க. அவர் மேல நம்பிக்கை இல்லாமத்தான் நான் எழுதினேன்"ன்னேன்.  அப்புறம் உங்ககிட்டயும் ஒரு வாக்குமூலம் வாங்கணும்னு எழுதினார். நீங்க மறுநாளே போய் எழுதிக் குடுத்தீங்கன்னு கேள்விப்பட்டேன். அதுக்கு அப்புறம் எந்த ஆராய்ச்சி எடத்துலயும் உங்களைச் சேத்துக்க மாட்டேங்கறாங்கன்னும் கேள்விப்பட்டேன். அரூர்ப் பக்கம் ஒரு காலேஜ்ல தற்காலிகமாப் பாடம் எடுக்கறதா நூர் பாஷா அண்ணன் சொன்னார்.

இந்த மாசம் இருபதாம் தேதி அரசாங்க நிலத்தடி நீர் ஆளுங்க போர் வண்டியோட வந்தாங்க. அஞ்சாம் கோட்டுக்கு நேரா, கரட்டு அடிவாரத்துல துளை போட்டாங்க. நூத்தி அம்பது அடி வரைக்கும் வெள்ளைப் பொடிதான் பறந்துச்சு. மாதப்பன் எந்திரிச்சு வூட்டுக்குப் போயிட்டார். நூத்தித் தொண்ணூறு அடியில சத்தம் மாறுச்சு. பொடி நின்னு சேறா வந்துச்சு, அப்புறம் தண்ணி பீச்சி அடிச்சுது. அதோட விடலை. எட்டு மணி நேரம் மோட்டார் போட்டு இறைச்சாங்க. இறைக்க இறைக்க எங்க மோட்டார் கெணத்துல ரெண்டடி எறங்குச்சு, மாதப்பன் கெணத்துல ஒன்றரை அடி. எல்லாம் ஒரே தண்ணிதான்னு அவங்களே எழுதிக்கிட்டாங்க. நேத்து உத்தரவு வந்துச்சு. கரட்டுக்குத் தெக்குப் பக்கம், அதாவது எங்க பக்கம், குவாரிக்கு அனுமதி இல்லை.

தெக்குப் பக்கத்துக்கு மட்டும்தான். தண்ணி பீச்சின மறுநாளே கம்பெனி வடக்குப் பக்கத்துக்கு விண்ணப்பம் போட்டிருச்சு. அங்க இருபத்திமூணு குடும்பம். அவங்க என்கிட்ட வந்தாங்க. எனக்கு எண்ணத் தெரியும், பெட்டி செய்யத் தெரியாது.

மன்னிப்பு கேட்டிருந்தீங்க. இன்னும் இல்லை. எப்ப ஆகும்னும் சொல்ல முடியாது. உங்க கடிதம் எதையும் நான் ஒரு தடவை படிச்சு நம்பினதில்லை, இனிமேலும் நம்ப மாட்டேன்.

வடக்குப் பக்கம் மாதுன்னு ஒருத்தர், அவரோட மாட்டுக் கொட்டகை காலியாக் கெடக்கு, கரட்டைப் பாத்து வாசல். நீங்க யாரு, எங்களுக்கு என்ன செஞ்சீங்க, எங்ககிட்ட என்ன மறைச்சீங்க எல்லாத்தையும் அவர்கிட்டச் சொல்லிட்டேன். கேட்டுட்டு ரொம்ப நேரம் யோசிச்சார். வரச் சொல்லுங்கன்னார்.

அமுதவல்லி